50 ஃபிரேமில் பாட்டு: உதடு ஏன் பின்தங்குகிறது?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு தனிப்பாடலைப் படமாக்கிவருகிறோம். பல்லவியை ஸ்லோமோஷனில், விநாடிக்கு 50 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வைத்து ஆற்றங்கரையில் எடுத்தோம். கைபேசிச் செயலியில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடகர் அதற்கு வாயசைத்தார். எடிட்டிங்கில் 24 ஃபிரேமுக்கு இறக்கிப் பார்த்தால், வரியின் முதல் சொல் பொருந்துகிறது. வரி முடிவதற்குள் உதடு பின்தங்கிவிடுகிறது. சாதாரண வேகக் காட்சிகள் எல்லாம் 25 ஃபிரேமில் எடுத்தவை. பல்லவியை மறுபடி எடுக்க வேண்டுமா? அடுத்த வாரம் சரணம் எடுக்கவிருக்கிறோம். அதற்கு ஒலியை எப்படித் தயார்செய்வது?

பதில்: மறுபடி எடுக்க வேண்டாம். உங்கள் பாடகர் சரியாகவே வாயசைத்திருக்கிறார். பிழை கணக்கில் இருக்கிறது.

பாட்டை எத்தனை மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும் என்பதைக் கேமராவின் ஃபிரேம் எண்ணிக்கை மட்டும் முடிவுசெய்வதில்லை. அதை, எடிட்டிங் டைம்லைனின் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையின்) ஃபிரேம் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 50ஐ 24ஆல் வகுத்தால் 2.083. நீங்கள் ஓடவிட்டதோ சரியாக 2. பாட்டில் 10 விநாடி நீளும் ஒரு வரி, படப்பிடிப்பில் 5 விநாடியில் முடிந்திருக்கும். அந்த 5 விநாடியில் கேமரா 250 ஃபிரேம் பதிந்திருக்கும். 250 ஃபிரேம் 24இல் ஓடி முடிய 10.4 விநாடி ஆகும். வரியின் கடைசியில் உதடு ஏறக்குறைய 10 ஃபிரேம் பின்தங்கி நிற்பது அதனால்தான்.

தீர்வு எளிது. 25 ஃபிரேமில் புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கிப் பல்லவிக் காட்சிகளை அதில் 50 சதவீத வேகத்தில் வையுங்கள். 50ஐ 25ஆல் வகுத்தால் மிகச் சரியாக 2; உதடு வந்து உட்கார்ந்துவிடும். மற்றக் காட்சிகளும் 25இல்தான் இருக்கின்றன என்பதால் அவையும் ஃபிரேம் தவறாமல் ஓடும். 24 இருந்தால்தான் சினிமாவைப் போலத் தெரியும் என்ற எண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். 24க்கும் 25க்கும் உள்ள வேறுபாடு பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. உதடு விலகினால் எல்லோருக்கும் தெரியும்.

இனி, சரணம். நான் இந்த வேலைக்கு வந்தபோது தளத்தில் பாட்டை ஒலிக்கச் செய்தது நாகரா என்னும் நாடாக் கருவி. விநாடிக்கு 7.5 அங்குலம் ஓடும்படி பதிந்த நாடாவை 15 அங்குலத்தில் ஓட்டினால் வேகம் இரட்டிக்கும். கூடவே சுருதியும் ஒரு ஸ்தாயி ஏறி, பாடகரின் குரல் கிளிக்குரலாகிவிடும். நடிக்க வந்தவர்கள் சிரித்துச் சிரித்தே பல டேக்குகள் வீணாகும். இன்று சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்ட முடிகிறது. ஆடாசிட்டி என்னும் ஒலி எடிட்டிங் மென்பொருளில் ‘சேஞ்ச் டெம்போ’ அதைத்தான் செய்கிறது. அங்கே சதவீதக் கட்டத்தில் 100 என்று இட்டால்தான் இரு மடங்கு. 200 என்று இட்டால் மும்மடங்காகிவிடும். பலரும் தடுமாறும் இடம் இது. ரீப்பர் என்னும் இன்னோர் ஒலி மென்பொருளில் பிளேபேக் வேகத்தை 2.0 என்று வைத்தால் போதும். எதில் செய்தாலும் வீட்டிலேயே செய்து, தனி வேவ் கோப்பாகச் சேமித்துக்கொண்டு போங்கள். தளத்தில் செயலியின் வேகப் பொத்தானை நம்பாதீர்கள். இரண்டு டேக்குகளுக்கு நடுவே யாராவது கைபட்டு மாற்றிவிட்டால் அன்றைக்குத் தெரியாது, எடிட்டிங் மேசையில்தான் தெரியும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இசையமைப்பாளரிடம் குரல் தனியாகவும் தாளம் தனியாகவும் கேட்டு வாங்குங்கள். இரட்டை வேகத்தில் வயலின்களும் கீபோர்டும் ஒரே இரைச்சலாகக் குழம்பி, சொல்லை அமுக்கிவிடும். குரலும் தாளமும் மட்டும் உள்ள கலவை போதும். அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தப் பாட்டின் தாளத்திலேயே நான்கு ‘டிக்’ ஒலிகளை மூலக் கோப்பில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு கோப்புகளிலும் அடையாளம் ஒரே இடத்தில் இருக்கும். நடிப்பவருக்கும் எங்கே வாய் திறக்க வேண்டும் என்பது முன்கூட்டியே உடம்பில் ஏறிவிடும்.

எல்லா வரிகளும் இந்த வேகத்தைத் தாங்கா. ஒரு வரியைத் தாளில் எழுதி, புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணுங்கள். கட்டளைக் கலித்துறை என்னும் பாவகையில் ஒற்று நீக்கி எண்ணுவோமே, அதே முறைதான். அந்த எண்ணை வரியின் விநாடிகளால் வகுத்து, இரட்டித்துப் பாருங்கள். விநாடிக்கு ஆறு ஏழு எழுத்து வரை நல்ல பாடகர் தெளிவாக வாயசைப்பார். எட்டைத் தாண்டினால் உதடு மழுப்பத் தொடங்கும் என்பது என் அனுபவம். துள்ளலான சரணத்தில் 12, 14 என்றுகூட வரும். அப்படிப்பட்ட வரிகளைச் சாதாரண 25 ஃபிரேமிலேயே எடுத்துவிடுங்கள். அல்லது 30 ஃபிரேமில் எடுத்துப் பாட்டை 1.2 மடங்கில் ஓடவிடுங்கள். கைபேசியின் 120, 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வாயசைப்புக்கு உதவாது. தெறிக்கும் தண்ணீருக்கும் பறக்கும் தாவணிக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. பார்ப்பவரின் கண் எல்லா எழுத்துகளையும் கவனிப்பதில்லை. ப, ம இரண்டும் இதழ்கள் சேர்ந்தால் பிறப்பவை. வ மேற்பல் கீழிதழைத் தொட்டால் பிறப்பது. இந்த மூன்றும் சரியாக விழுந்தால் நடுவில் உள்ளவை சற்று நழுவினாலும் கண் மன்னித்துவிடும். வேகமாக வாயசைக்கும்போது முதலில் தொலைந்துபோவதும் இவைதான். உதட்டை முழுதாக மூடாமலே அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். வரிகளில் இந்த எழுத்துகளை வட்டமிட்டு, பாடகரிடம் முந்தின நாளே கொடுங்கள். முதலில் சாதாரண வேகம், பிறகு ஒன்றரை மடங்கு, பிறகு இரட்டை என்று பழகட்டும். மெல்ல முணுமுணுத்தால் தொண்டை அசையாமல் பொய்யாகத் தெரியும். குரல் எழுப்பியே பாடச் சொல்லுங்கள்.

உடம்பு வேறு கணக்கு. வேகமான பாட்டு காதில் விழுந்தால் கையும் தலையும் தாமாகவே அந்த வேகத்துக்குப் போய்விடும். அப்படிப் போனால் திரையில் அசைவு சாதாரணமாகத் தெரியும். கூந்தலும் துணியும் மட்டும்தான் மிதக்கும். அது அழகுதான், ஆனால் தெரிந்து செய்ய வேண்டிய அழகு. உடம்பும் மிதக்க வேண்டுமென்றால் இரண்டு தட்டுக்கு ஓர் அசைவு என்று நடன இயக்குநர் எண்ணிக்கொடுக்க வேண்டும். உதடு இரட்டையில், உடம்பு ஒற்றையில். இதற்கு ஒரு மணி நேர ஒத்திகையாவது தேவை.

ஸ்பீக்கரை நடிப்பவருக்கு அருகில், சட்டகத்துக்கு வெளியே, கம்பியில் இணைத்து வையுங்கள். ஒலி 34 மீட்டர் கடக்கப் பத்தில் ஒரு விநாடி ஆகும்; 50 ஃபிரேமில் அது 5 ஃபிரேம். ஒருவர் மட்டும் என்றால் எடிட்டிங்கில் நகர்த்திக்கொள்ளலாம். ஒருவர் ஸ்பீக்கருக்கு அருகிலும் மற்றவர் தூரத்திலும் நின்று சேர்ந்து வாயசைத்தால், இருவரையும் ஒருசேரச் சரிசெய்ய வழியே கிடையாது.

கேமராவில் ஸ்லோமோஷனுக்கென்று உள்ள தனி முறையைத் தவிர்த்து, சாதாரண 50 ஃபிரேம் பதிவைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தனி முறை பல கேமராக்களில் ஒலியைப் பதியாது. சாதாரணப் பதிவில் தளத்து ஒலியும் கூடவே வரும். படத்தையும் அந்த ஒலியையும் சேர்த்து 50 சதவீதத்துக்கு இறக்கினால், இரட்டை வேகத்தில் ஒலித்த பாட்டு மூல வேகத்துக்கே திரும்பி வந்துவிடும். குரல் மட்டும் ஒரு ஸ்தாயி இறங்கிக் கனமாகக் கேட்கலாம், அது பொருட்டல்ல. நான்கு ‘டிக்’ ஒலிகளின் அலைவடிவத்தை மூலப்பாட்டோடு ஒட்டிவைத்தால் பத்து நிமிடத்தில் ஒரு பல்லவி பொருந்திவிடும். கைபேசியில் எடுத்திருந்தால் அதன் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. நிலையான 50க்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

சரணத்தில் வீட்டுக்குள் எடுக்கும் காட்சி ஏதேனும் இருந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (விளக்கு விநாடிக்கு நூறு முறை சிமிட்டும்) என்பதால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, நூற்றில் ஒரு விநாடிக்கு வைத்து, சில விளக்குகளின் சிமிட்டலை ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.