ஃபில்டர் போட்டால் ஃபேமிகாம் ஆகாது

கேள்வி: வேலை போக மிச்ச நேரத்தில் கோடோ எஞ்சினில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். வாள், குகை, புதையல், மந்திரவாதி என்று 1986-இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ பாணி. படங்கள் ஓரளவு அந்தக் காலத்துச் சாயலில் வந்துவிட்டன, இசைதான் ஒட்டவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள்களில் மெட்டுப் போட்டு, அதன்மேல் பிட்கிரஷர் ஓட்டிப் பார்த்தேன். பழைய கேம் மாதிரி இல்லை, ரிப்பேரான ரேடியோ மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு? இன்னொன்று, பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் மெட்டை 8-பிட்டாக மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ரிப்பேரான ரேடியோ என்று நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பிட்கிரஷர் செய்கிற வேலையே அதுதான். நல்ல ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து நொறுக்கித் தருகிறது. ஆனால் அந்த ஜப்பானியக் கேமில் நொறுக்குவதற்குப் பதிவு என்று ஒன்று இருக்கவில்லை. அது ஓடிய ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் கருவியின் சிப் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அந்தந்த நொடியில் தானே உருவாக்கியது. அதனால் அந்த ஒலியில் மங்கல் கிடையாது, எலும்பு மாதிரி தெளிவாக இருக்கும். நீங்கள் தேடும் பழமை ஒலியின் தரத்தில் இல்லை. எத்தனை குரல்களை வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

அந்தச் சிப்பில் இருந்தவை ஐந்து சேனல்கள், அதாவது ஐந்து குரல்கள். இரண்டு பல்ஸ் (சதுர அலை), ஒரு ட்ரையாங்கிள் (முக்கோண அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), சின்னச் சாம்பிள்களுக்கு ஒன்று. பல்ஸ் அலையின் அகலத்தை 12.5, 25, 50 சதவீதம் என்று மாற்றலாம் (75-உம் உண்டு, ஆனால் காதுக்கு அது 25-தான்). 12.5 வைத்தால் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்து வரும். 50 வைத்தால் உள்ளே குடைந்த மூங்கில் மாதிரி ஒரு வெற்றொலி. ஒலி அளவு 0 முதல் 15 வரை, மொத்தம் 16 படிகள்தான். ட்ரையாங்கிளுக்கு அதுவும் இல்லை. ஒலிக்கும், அல்லது நிற்கும். நடுவில் மெல்லக் கரையும் கதையே கிடையாது. பேஸ் என்கிற அடிக்குரல் பெரும்பாலும் அதற்குத்தான் போகும். இன்னொரு காரணமும் உண்டு: பல்ஸ் சேனல் ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, ட்ரையாங்கிள் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போகும்.

ஒரு சிறு எச்சரிக்கை. யூடியூபில் கேட்டுத்தான் காதைப் பழக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்று பாருங்கள். இந்தக் கேம் 1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற துணைக்கருவியோடு டிஸ்க்காக வந்தது. அந்தக் கருவிக்குள் கூடுதலாக ஒரு ஒலிச் சேனல் இருந்தது. 64 புள்ளிகளில் அலையின் வடிவத்தை நாமே வரைந்துகொள்ளலாம். ஜப்பானியப் பதிப்பின் முகப்பு இசையில் மணி மாதிரி ஒன்று கேட்பது அதனால்தான். 1987-இல் அமெரிக்காவுக்குத் தங்க நிறக் கார்ட்ரிட்ஜாகப் போனபோது அந்தச் சேனல் இல்லை. இரண்டையும் கலந்து ‘ரெட்ரோ’ என்று மனதில் வைத்துக்கொண்டால் என்ன செய்தாலும் திருப்தி வராது. முதல் கேமுக்கு ஐந்து சேனலே போதும் என்பது என் கட்சி.

இப்போது, பெரும்பாலோர் கோட்டைவிடுகிற இடத்துக்கு வருகிறேன். சவுண்ட் எஃபெக்டுக்கென்று அந்தச் சிப்பில் தனிச் சேனல் எதுவும் கிடையாது. காசு எடுத்தால், அடி வாங்கினால், கதவு திறந்தால், அந்த ஒலி இசையிடமிருந்து ஒரு சேனலைப் பிடுங்கிக்கொள்ளும். முடிந்ததும் திருப்பித் தரும். இடைப்பட்ட நேரத்தில் அந்தக் குரல் காணாமல் போகும். நான் முதன்முதலாக இசை போட்ட சின்னக் கேமில் இது தெரியாமல் முக்கிய மெட்டை இரண்டாம் பல்ஸில் வைத்தேன், எஃபெக்டும் அங்கேதான் வந்து இறங்கியது. வீரன் காசு பொறுக்கும் ஒவ்வொரு தடவையும் பல்லவி பாதியில் அறுந்தது. விளையாடிப் பார்த்த நண்பன் “பாட்டுக்கு விக்கல் எடுக்குதுடா” என்றான். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: மெட்டு முதல் பல்ஸில், இழந்தாலும் பரவாயில்லை என்கிற துணைக்குரல் இரண்டாவதில், எஃபெக்ட் வந்தால் இரண்டாவது ஒதுங்கிக்கொள்ளும்.

இன்றைய எஞ்சினில் சேனல் பஞ்சம் இல்லை, ஆயிரம் ஒலிகளை ஒன்றாக ஓட்டலாம். இருந்தாலும் இந்தப் பிடுங்கலை வேண்டுமென்றே செய்து பாருங்கள். இரண்டாம் பல்ஸை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, மற்றதோடு ஒரே நேரத்தில் தொடங்கி ஓடவிடுங்கள். எஃபெக்ட் ஒலிக்கும் அந்தக் கால் நொடிக்கு அதை மட்டும் மியூட் செய்யுங்கள். கேட்பவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் ‘அட, அந்தக் காலத்து கேம்’ என்று உடம்பு சொல்லும். ஃபில்டரால் வராதது இதில் வரும்.

கருவி என்று கேட்டால், ஃபேமிஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். பியானோ ரோல் வடிவத்தில் இருக்கும், உங்களுக்குப் பழக்கமானதுதான். ஃபேமிட்ராக்கர், ஃபர்னஸ் போன்ற ட்ராக்கர்களும் நல்லவை. அவற்றில் எண்கள் மேலிருந்து கீழே மழை மாதிரி ஓடும். பழக ஒரு வாரம் ஆகும். எதை எடுத்தாலும் ரிவெர்ப், ஸ்டீரியோ இரண்டையும் தொடாதீர்கள். ஃபேமிகாம் மோனோ. குகைக்குள் எதிரொலி வேண்டுமென்றால் அன்றைக்குச் செய்ததையே செய்யுங்கள்: முதல் பல்ஸின் மெட்டை அப்படியே இரண்டாவதில் நகலெடுத்து, சில ஃபிரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் நேரம்) தாமதமாக, ஒலியை 15-இலிருந்து 5 அல்லது 6-க்கு இறக்கி வாசிக்க விடுங்கள். மிருதங்கக்காரர் இல்லாத கச்சேரி மாதிரி தோன்றினால், ட்ரையாங்கிளில் ஒரு ஸ்வரத்தைச் சட்டென்று மேலிருந்து கீழே சறுக்க விடுங்கள். கேட்பதற்கு அது டிரம்தான்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இசை நிரல்கள் பெரும்பாலும் திரையோடு சேர்ந்து நொடிக்கு 60 முறைதான் கண் விழிக்கும். ஒரு ஸ்வரம் ஆறு ஃபிரேம் நீளலாம், ஏழு நீளலாம், ஆறரை நீள முடியாது. கால் தட்டுக்கு ஆறு ஃபிரேம் வைத்தால் ஒரு தட்டு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 150 தட்டு. இந்த 24-ஐ நான்கால் வகுத்தால் 6, மூன்றால் வகுத்தால் 8. சதுஸ்ரத்தில் போய்க்கொண்டே திடீரென்று திஸ்ரத்துக்குத் தாவலாம், கணக்கு பிசகாது. குதிரைப் பாய்ச்சலாக ஓடும் சாகச மெட்டுக்கு இந்தத் தாவல் ரொம்ப முக்கியம். ஏழு ஃபிரேம் வைத்தால் தட்டு 28, மூன்றால் வகுபடாது, திஸ்ரம் நொண்டும்.

சரி, மெட்டு. ஜெல்டாவின் இசையமைப்பாளர் கோஜி கொண்டோ அதன் வெளியுலகக் காட்சிக்குப் போட்டதை ஒரு தடவை ஸ்வரம் பிரித்துப் பாருங்கள். பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், ஸ-வில் தொடங்கிக் கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டு, ‘ஸ ஸ ரி க ம ப’ என்று ஏறி நிற்கிறது. அடுத்து ‘ப ப த நி’ என்று மேல் ஸட்ஜம். ரிஷபம் சதுஸ்ருதி, காந்தாரம் அந்தரம், மத்யமம் சுத்தம். இதுவரை வெயிலடிக்கிற பெரிய மேஜர் ஸ்கேல்தான். ஆனால் தைவதம் சுத்த தைவதம், நிஷாதம் கைசிகி. எல்லாவற்றையும் சேர்த்தால் 26-ஆவது மேளம், சாருகேசியின் ஸ்வரங்கள்! கொண்டோ சாருகேசியை நினைத்துப் போட்டார் என்று சொல்ல வரவில்லை. கமகம் இல்லை, ராகத்தின் நடையும் இல்லை, நாலைந்து பார் (தாளச் சுற்று) தாண்டியதும் சாதாரண காந்தாரமும் கொஞ்சம் கழித்துப் பிரதி மத்யமமும் வந்து ராகத்தைக் கலைத்துவிடுகின்றன. ஆனால் உணர்ச்சியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கீழ்ப்பாதி தைரியமாக நிற்கிறது, மேல்பாதியில் நிழல் விழுகிறது. வீட்டை விட்டுத் துணிந்து கிளம்பியவனுக்குத் தூரத்து மலை கறுப்பாகத் தெரிவது மாதிரி. கீழே பேஸ் பி ஃபிளாட், ஏ ஃபிளாட், ஜி ஃபிளாட் என்று படியிறங்கி அந்த நிழலைக் கெட்டியாக்குகிறது. உங்கள் மெட்டு எனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. மேலும் கீழும் ஒரே மேஜராக இருந்தால், தைவதத்தையும் நிஷாதத்தையும் மட்டும் அரை ஸ்வரம் இறக்கிப் பாருங்கள்.

இனி சினிமாப் பாட்டு. வேண்டாம். இதே கேமின் கதையே அதற்குப் பதில். முகப்புத் திரைக்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’வைத்தான் போடுவதாக இருந்தார்கள்; திரை மெதுவாக நகரும் வேகத்துக்கு அது பொருந்தியது. கேம் முடிகிற தறுவாயில்தான் அதன் காப்புரிமைக் காலம் இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. கொண்டோ ஒரே இரவு உட்கார்ந்து, வெளியுலக மெட்டையே நிதான நடையில் மாற்றி முகப்பு இசையாக்கினார். 1937-இல் இறந்தவரின் பாட்டுக்கே அந்த நிலைமை. இந்தியச் சட்டப்படி ஒரு இசையமைப்பாளரின் படைப்புக்குக் காப்புரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். வாத்தியத்தை எடுத்துவிட்டுப் பீப் பீப் என்று வாசித்தாலும் மெட்டு அவருடையதுதான்.

தெரிந்த மெட்டுதான் வேண்டும் என்றால் முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. பாண்டு வாத்தியக்காரர்களிடம் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் எழுதியவை. அவர் காலமானது 1835-இல், உரிமைப் பிரச்சினை இல்லை. கமகமும் அவ்வளவாக இல்லாததால் பல்ஸ் சேனலில் கச்சிதமாக உட்காரும். ஆனால் யாரோ பாடிய ரெக்கார்டிங்கை எடுக்காதீர்கள், அதற்கு உரிமை தனி.

நீளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இசை போடுகிற எல்லோரும் நீளமாகத்தான் போடுகிறோம். அந்த ஜப்பானிய டிஸ்க்கில் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் சுமார் 112 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் பல சமயம் இதைவிடப் பெரிது. அந்த இடத்துக்குள் 128 திரைகளாக ஓர் உலகம், அதற்குக் கீழே ஒன்பது நிலவறைகள், இசை, எல்லாம். நிலவறை வரைபடங்களை, கேமை உருவாக்கிய குழுவில் இருந்த தகாஷி தெசுகா ஜிக்சா துண்டுகள் மாதிரி ஒன்றோடொன்று இறுக்கி அடுக்கினார். ஒதுக்கிய இடத்தில் பாதியிலேயே தவறுதலாக எல்லாவற்றையும் அடக்கிவிட்டாராம். மிச்சப் பாதியை வீணாக்க வேண்டாமே என்று கேமின் தலைமை வடிவமைப்பாளர் மியாமோட்டோ சொல்ல, முடித்தவர்களுக்கு வேறு நிலவறைகளோடு இரண்டாம் ஆட்டம் ஒன்று பிறந்தது. இசையும் அதே சிக்கனம்தான். வெளியுலக மெட்டு ஒரு நிமிடம்கூட ஓடாமல் சுற்றி வந்துவிடும். நிலவறை இசை அதைவிடச் சின்னது. ஒவ்வொரு ஸ்வரமாக உடைத்து வாசிக்கும் கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) அரை ஸ்வரமாகக் கீழே வழுக்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான். நீங்களும் 30 விநாடியில் ஒன்று எழுதி, சமைக்கும்போதோ துணி மடிக்கும்போதோ அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எந்த இடத்தில் எரிச்சல் வருகிறதோ அங்கே ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டு மௌனம் வையுங்கள்.

கடைசியாக, கோப்பு சமாச்சாரம். எம்பி3-ஆக ஏற்றுமதி செய்யாதீர்கள்; அந்த வடிவம் முன்னும் பின்னும் கொஞ்சம் வெறுமையைச் சேர்த்துவிடும், லூப் சுற்றும்போது ‘டக்’கென்று தடுக்கும். வேவ் அல்லது ஓக் போதும். எல்லாம் முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். ட்ரையாங்கிள் பேஸ் அதில் மறைந்துபோயிருந்தால் ஒலியைக் கூட்ட முயலாதீர்கள், அந்தக் குரலுக்கு ஒலி அளவே இல்லை என்று மேலே சொன்னேன். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி எழுதுங்கள்.