பழைய கம்ப்யூட்டரில் வைஃபை டொங்கிள் லைட் எரிகிறது, ஆனால் கனெக்ட் ஆகவில்லை. எங்கே பிழை?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: வெள்ளவத்தையில் ஃப்ளாட், விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப், புறக்கோட்டையில் வாங்கிய சின்ன யூஎஸ்பி வைஃபை டொங்கிள். செருகினால் லைட் எரிகிறது, வீட்டு வைஃபை மட்டும் பிடிக்கவில்லை, கடைக்காரர் "மெஷின் பழசு, புதுசு எடுங்க" என்கிறார்.

இப்போதைக்குப் புதுசு எடுக்க வேண்டாம். லைட் எரிவதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது, யூஎஸ்பியில் கரண்ட் வருகிறது என்பதற்கு மேல் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. பிழை கம்ப்யூட்டருக்கும் டொங்கிளுக்கும் நடுவில் இருக்கிறதா, டொங்கிளுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இதைப் பிரிக்காமல் டிரைவரை (டொங்கிளை விண்டோஸ் இயக்க உதவும் சொஃப்ட்வேர்) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

பிரிப்பதற்குப் போன் போதும். ஹொட்ஸ்பொட்டை ஒன் செய்து, அதன் செட்டிங்ஸில் பேண்டை (வைஃபை அலைவரிசை) 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்றும் பாதுகாப்பை (பாஸ்வேர்ட் பூட்டின் வகை) டபிள்யூபிஏ2 என்றும் வையுங்கள் (புதிய ஐபோன் என்றால் "மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்பதை ஒன் செய்தால் 2.4க்கு வரும்). கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் தெரிந்து கனெக்டும் ஆனால், டொங்கிளும் டிரைவரும் நல்லாத்தான் இருக்கின்றன, குழப்பம் ரவுட்டரில். அப்படியென்றால் அடுத்த கொஞ்சப் பத்திகளைத் தாண்டி ரவுட்டர் பகுதிக்குப் போய்விடலாம்.

ஆகவில்லையா? சரி, கம்ப்யூட்டரில் இருக்கிற சாதனங்களைப் பட்டியலாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை டபுள் கிளிக் செய்து எண்ணைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் டிவைஸ் தொடங்கவில்லை, பெரும்பாலும் தவறான டிரைவர் அல்லது பவர் பற்றாக்குறை. கோட் 52 விண்டோஸ் 7இல் அடிக்கடி வருவது, காரணம் கொஞ்சம் சுவாரசியமானது: புதிய டிரைவர்களில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் எஸ்எச்ஏ-2 வகை, அப்டேட் செய்யாத விண்டோஸ் 7க்கு அதைச் சரிபார்க்கத் தெரியாது, ஆகவே நல்ல டிரைவரையே கள்ள டிரைவர் என்று நினைத்துத் தடுத்துவிடும். சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7க்கு வந்த பெரிய அப்டேட் தொகுப்பு) இருக்கிற மெஷினில் 2019இல் வந்த கேபி 4474419 அப்டேட்டைப் போட்டால் அது தீரும். அதைப் போடாமல் எத்தனை டிரைவர் இறக்கினாலும் அதே கதைதான்.

டிரைவர் தேடும்போது பெட்டியில் இருக்கிற பெயரை நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற சிப்தான் முக்கியம். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் டொங்கிளையே எடுங்கள், முதல் வெர்ஷனில் எதரோஸ் சிப், இரண்டாவதில் ரியல்டெக் சிப், வெளியே ஒரே பெயர், ஒன்றின் டிரைவர் மற்றதுக்குச் சரிவராது. பெயரில்லாத சின்ன டொங்கிள்களில் இது இன்னும் மோசம். டிவைஸ் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி இருக்கும், அதை வடிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் விஐடிக்குப் (தயாரித்த நிறுவனத்தின் எண்) பின்னால் 0பிடிஏ என்றிருந்தால் ரியல்டெக், 148எஃப் என்றிருந்தால் ராலிங்க் அல்லது மீடியாடெக். அடுத்து பிஐடிக்குப் பின்னால் வருகிற நான்கு எழுத்து எந்த மாடல் என்று சொல்லும்: ரியல்டெக்கில் 8179 என்றால் ஆர்டிஎல்8188இயூ, 148எஃப்-இல் 7601 என்றால் எம்டி7601யூ. அந்த எண்ணோடு தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும். "எல்லா டிரைவரையும் தானே போடும்" என்று விளம்பரம் செய்கிற சொஃப்ட்வேர்கள் பக்கமே போகாதீர்கள், டிரைவரோடு வேண்டாத நாலு சாமானும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, செருகியதும் வைஃபைக்குப் பதிலாகச் சிடி டிரைவ் மாதிரி ஏதாவது வந்தால் (ஐடி 0பிடிஏ, 1ஏ2பி) டொங்கிள் கெட்டுப்போகவில்லை. டிரைவரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற வகை அது. அந்த டிரைவில் இருக்கிற செட்டப்பை ஓட்டினால் அப்புறம் வைஃபையாக மாறும்.

இன்டர்நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்கு எப்படி டவுன்லோட் செய்வது என்று கேட்பீர்கள். ஆன்ட்ராய்டு போனைச் சார்ஜ் போடும் யூஎஸ்பி வயரால் இணைத்து "யூஎஸ்பி டெதரிங்" ஒன் செய்யுங்கள், விண்டோஸ் 7 பெரும்பாலும் அதைத் தானாகவே ஒரு நெட்வேர்க்காக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாவும் போகாது, வைஃபைதான் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். உண்மையைச் சொன்னால், திரை உடைந்தும் டச் வேலை செய்கிற பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தால் டொங்கிளே தேவையில்லை.

டிரைவர் சரி, ஆனால் விட்டு விட்டுப் போகிறதா? முன்பக்கப் போர்ட்டிலிருந்து எடுத்துப் பின்பக்கம் செருகுங்கள். முன்பக்கத்துக்கு உள்ளே மெல்லிய வயர் வழியாகத்தான் இணைப்பு வருகிறது, பின்பக்கம் நேரே மதர்போர்டில். தனிப் பவர் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் போட வேண்டாம், அதில் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான் கணக்கு, மதர்போர்டின் யூஎஸ்பி 2.0 போர்ட் 500 வரை கொடுக்கும். நகக்கண் அளவு டொங்கிள் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் சிக்னலும் குறையும், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசை மேல் கொண்டுவாருங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்க ஃப்ளாட் என்றால் போர்ட்டுக்குள் டோர்ச் அடித்தும் பாருங்கள், உப்புக்காற்று பிடித்துப் பச்சையாக இருக்கும்.

இனி ரவுட்டர். என் கணிப்பில் உங்கள் பிரச்சினை இங்கேதான். இப்போது வருகிற ரவுட்டர்கள் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டிருக்கும், மலிவு டொங்கிளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். பிறகு 2.4இன் சேனலை (அந்த அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த பாதை) பாருங்கள். ஃப்ளாட்டில் மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் வைஃபை என்பதால் ஆட்டோவில் விட்ட ரவுட்டர் இடம் தேடி 12 அல்லது 13க்குப் போய்விடலாம். அமெரிக்கச் செட்டிங்கோடு வந்த டொங்கிள் 11க்கு மேல் பார்க்காது, ஆகவே போனில் தெரிகிற பெயர் கம்ப்யூட்டரில் தெரியாது. 1, 6, 11இல் ஒன்றை நீங்களே போட்டுவிடுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 வந்தது 2018இல், விண்டோஸ் 7க்கு அது தெரியவே தெரியாது. 2.4 பக்கத்துக்கு மட்டும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்தால் போதும். டபிள்யூஇபி என்கிற பழைய பாதுகாப்பு வகை வரை இறங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதை உடைப்பது சின்ன வேலை. வைஃபை 6 பயன்முறையையும் 2.4இல் நிறுத்திப் பாருங்கள், சில பழைய டிரைவர்களுக்கு அது இருந்தால் பெயரே தெரியாது.

கனெக்ட் ஆகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, ரவுட்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தும் எல்லாத் தளமும் சர்டிபிகேட் பிழை காட்டினால் மூலையில் இருக்கிற தேதியைப் பாருங்கள், தேதி தவறென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துவிடும். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பற்றரி செத்துப்போன பழைய மெஷின்கள் ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்கே திரும்பிவிடும்.

லினக்ஸ் பாவிப்பவர் என்றால் பாதி வேலை குறைவு, எம்டி7601யூவுக்கு 2015இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.2இலிருந்தே டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வேறு டொங்கிள்தான் வாங்க வேண்டும் என்று முடிவானால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறு எங்கேயோ பிராண்டைக் கேட்காமல் சிப்பைக் கேளுங்கள். ராலிங்க் ஆர்டி5370 அல்லது எதரோஸ் ஏஆர்9271 கிடைத்தால் பழைய மெஷினுக்கு அதுவே போதும். வைஃபை 6 டொங்கிள் என்று கூடுதல் விலைக்குத் தந்தால் வேண்டாம், அவற்றில் பலவற்றுக்கு விண்டோஸ் 7 டிரைவரே இல்லை. சரிவராவிட்டால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள்.