தூத்துக்குடியில் கப்பல் ஐந்து மணி நேரம் நின்றால்

அண்ணாச்சி, மாலேயிலிருந்து வரும் கப்பல் ஐந்து மணி நேரம் நிற்கும்போது அப்பா அம்மாவோடு திருச்செந்தூர் போகலாமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டாம். ஒரு வழிக்கே 40 கிலோமீட்டர். தரிசன வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊருக்குள்ளேயே சுற்றுங்க. துறைமுகம் ஊரிலிருந்து 10 கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கு. உள்ளே நடந்துபோக விடமாட்டாங்க. கப்பல்காரர்களின் பேருந்தில் வாசலுக்கு வந்து ஆட்டோ பிடிங்க, திரும்புவதற்கும் சேர்த்தே கூலி பேசிக்கோங்க. முதலில் கடற்கரைச் சாலையில் 1713-இல் எழுந்த பனிமய மாதா கோயில். அடுத்து டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய திரித்துவ ஆலயம்.

வழியில் உப்பளம் பாருங்க. வெயிலேறுமுன் போனால் பாத்தி ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்திருப்பது கண் கூசாமல் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர்தான் நிற்கும்.

மக்ரூன் வாங்காமல் வராதீங்க. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். சைவம் என்றால் வீட்டில் சொல்லிவிடுங்க. கடற்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும், இறுக்கமான டப்பா கொண்டுபோங்க.

முக்கியமான ஒன்று: மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி பின்னால். கப்பல் நம் நேரத்துக்கு மாறியும் கைக்கடிகாரத்தைத் திருத்தாவிட்டால், அரை மணி பிந்தித்தான் வந்து நிற்பீங்க.