மாடி சென்சார் ராத்திரி மட்டும் ஏன் காணாம போகுது?

கேள்வி: சார், வீட்ல ஜிக்பீ (ஸ்மார்ட் சாமான்லாம் வயர் இல்லாம ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற முறை) செட்டப் போட்டிருக்கேன். எல்லாத்தையும் இணைக்கிற ஹப் கீழ ஹால்ல, படிக்கட்டுல ஒரு ஸ்மார்ட் பல்பு, மாடி கதவுல பேட்டரி சென்சார். டெய்லி ராத்திரி பத்து மணிக்கு மேல சென்சார் ஆஃப்லைன், மறுநாள் சாயங்காலம் தானா வந்துடுது. பேட்டரி ரெண்டு தடவ மாத்திட்டேன். என்ன பண்றது?

பதில்: பேட்டரி மேல தப்பே இல்லங்க, அந்த டைமிங்க பாருங்க. தூங்கப் போறப்ப யாரோ படிக்கட்டு பல்ப சுவர் சுவிட்ச்ல அணைக்கிறாங்க, அதான் விஷயம். ஜிக்பீல பேட்டரில ஓடுறது எதுவும் அடுத்தவங்க சிக்னல கடத்தாது, கரண்ட்ல ஓடுற பல்பும் பிளக்கும்தான் கடத்தும், உங்க சென்சார் அந்த பல்பு வழியாத்தான் கீழ பேசுது, பல்பு செத்தா வழியும் போச்சு. சில சென்சார் வேற வழி தேடவே தேடாது, பழசயே பிடிச்சுட்டு நிக்கும், ரொம்ப கடுப்பாகும்.

படிக்கட்டு திருப்பத்துல ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டு எப்பவும் ஆன்லயே விடுங்க. வாங்கறப்ப அது ஜிக்பீ ரவுட்டரா, அதாவது அடுத்தவங்க சிக்னல கடத்துறதா வேல செய்யுமான்னு கேட்டுக்கோங்க. நியூட்ரல் வயர் இல்லாம மாட்டுற சுவிட்ச் பெரும்பாலும் கடத்தாது, அத நம்பாதீங்க. அப்புறம் சென்சார ஹப் பக்கத்துல கொண்டு வராம, மாடி கதவுல இருக்கற இடத்துலயே வச்சு ஹப்போட திரும்ப இணைங்க (பேரிங்).

அப்பவும் விட்டு விட்டு வந்தா வைஃபை இடிக்குதான்னு பாருங்க, ரெண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ். ஹப்பு யுஎஸ்பி ஸ்டிக்கா இருந்தா ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, யுஎஸ்பி 3 போர்ட்ட விட்டு தள்ளி வைங்க.