கற்பனைக் கதையில் எது பிழை? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாடநூல்களுக்கும் கட்டுரை நூல்களுக்கும் மெய்ப்புப் பார்த்துப் பழக்கம் உண்டு. இப்போது முதல்முறையாக ஓர் அறிபுனை (அறிவியல் புனைவு), மிகுபுனை (ஃபேன்டஸி) தொகுப்பைச் செப்பனிடும் வேலை வந்திருக்கிறது. 13 பேர் எழுதிய 13 கதைகள், ஏறத்தாழ 60,000 சொற்கள், ஒரு மாதம் கெடு. ஒரு கதையில், 1985-ல், ஊட்டி அருகே உள்ள முத்தொரை ரேடியோ தொலைநோக்கியில் நாயகி கண்ணை வைத்துப் பார்க்கிறாள். இன்னொன்றில் ரோபோ ஒரு பக்கத்தில் ‘வந்தது’, அடுத்த பக்கத்தில் ‘வந்தார்’. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதையில், நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகில் வசனங்கள். கேட்டால், “கற்பனைக் கதைதானேம்மா, விட்டுடுங்க” என்கிறார் தொகுப்பாசிரியர். எதைத் தொடுவது, எதை விடுவது?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

தொகுப்பாசிரியர் சொல்வது பாதி சரி. ஆகாயத்தில் மீன் நீந்தட்டும், நமக்கென்ன? ஆனால் ‘மழை நாளில் மட்டும்தான் மீன் பறக்கும்’ என்று மூன்றாம் பக்கத்தில் சொன்ன கதை, ஒன்பதாம் பக்கத்தில் உச்சிவெயிலில் மீனைப் பறக்கவிட்டால் கேட்டாக வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைக் கதாசிரியரிடம் விட்டுவிடுங்கள். கதை தான் போட்ட விதியைத் தானே மீறுகிறதா என்று பாருங்கள்.

அதனால் முதல் வாசிப்பில் எதையும் திருத்த வேண்டாம். பக்கத்தில் ஒரு தாள் மட்டும் போதும். கதைக்கு ஒரு தாள்: அந்த உலகத்தின் விதிகள், ஆள்களின் வயது, ஆண்டு, தூரம், கருவிகளின் பெயர், எல்லாம் பக்க எண்ணோடு. நூல் முழுவதற்கும் இன்னொரு தாள்: ரோபோவா ரோபாட்டா, உதகையா ஊட்டியா, எண்ணை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா. நான் ‘உரையாடலில் ஊட்டி, விவரிப்பில் உதகை’ என்று வைப்பேன். அதிலும் ஒரு கதைசொல்லி தன்மையில் பேசினால் அவர் வாய்க்கு எது வருமோ அதுதான்.

புதுச்சொற்களைக் குறிக்கும்போது எழுத்தை மட்டும் குறித்தால் போதாது. ‘தெமிர்’ என்று ஒரு கோள் இருந்தால் தெமிரில், தெமிருக்கு, தெமிர்க்காரர்கள் என்று உருபேற்ற வடிவங்களையும் எழுதிவையுங்கள். ஆசிரியர் ஓரிடத்தில் ‘தெமிர்க்கு’ என்றும் இன்னோரிடத்தில் ‘தெமிருக்கு’ என்றும் எழுதியிருப்பார். பெயர்ச் சொல்லை மட்டும் தேடினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ரோபோ விஷயம் தமிழில் எழுதும்போது வரும் சங்கடம். நம் வினைமுற்றிலேயே திணை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லாமல் தப்பித்தாலும் ‘வந்தது’, ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ இவற்றில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே மனமுள்ள இயந்திரம் வரும் ஒவ்வொரு கதைக்கும் ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: யார் அதை ‘அது’ என்கிறார்கள், யார் ‘அவர்’ என்கிறார்கள், கதைசொல்லி என்ன சொல்கிறார், எந்தக் காட்சியில் மாறுகிறது. அதுவும் மனிதர்களும் ஒருவரை ஒருவர் ‘நீ’ என்கிறார்களா, ‘நீங்க’ என்கிறார்களா என்பதும் அதில் வரட்டும். போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றம் ஒரே இடத்தில் நடந்து, பிறகு பின்வாங்கவில்லை என்றால் அது ஆசிரியரின் திட்டம், கை வைக்காதீர்கள். கதையின் உச்சமே அந்த ஒரு ‘ஆர்’ விகுதியாக இருக்கலாம். முன்னும் பின்னுமாக ஊசலாடினால் கைத்தவறு. இயந்திரமே ‘நான்’ என்று கதை சொன்னால் ‘வந்தேன்’ எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பேசும் ஒரு வினைமுற்று கடைசித் திருப்பத்தை முன்கூட்டியே போட்டு உடைத்துவிடும். அங்கே கூர்ந்து பாருங்கள்.

முத்தொரைக்கு வருவோம். அது 1970-ல் முடிந்த ரேடியோ தொலைநோக்கி. கண் வைக்கும் இடமே கிடையாது. தட்டு வடிவமும் இல்லை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட, வாய்க்கால்போல் வளைந்து நீண்ட பரவளைய உருளை. வடக்கு தெற்காக, மலைச்சரிவில் ஏறத்தாழ 11 பாகை சாய்ந்து கிடக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவு என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஆகவே கிழக்கு மேற்காக மட்டும் சுழன்றே ஒரு வான்பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடர முடியும். வடக்கு தெற்குத் திசையை மின்னணு முறையில் மாற்றுவார்கள். 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையை வாங்கும், திருப்பி எதையும் அனுப்பாது. 1985 என்று ஆண்டு போட்டுவிட்டதால் நாயகி கண் வைப்பதும், ‘தட்டு தெற்கே திரும்பியது’ போன்ற வரி இருந்தால் அதுவும் கேள்விக்குரியவை. 2085 என்றால், அங்கே வேறு கருவி வந்துவிட்டது என்று ஒரே வரியில் ஆசிரியர் தப்பித்துக்கொள்ளலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘தவறு’ என்று மட்டும் எழுதினால் ஆசிரியருக்குக் கோபம் வரும், பதில் வராது. இப்படி எழுதுங்கள்: “பக்கம் 4: கண்ணால் பார்க்கிறாள். இந்தக் கருவியில் சைகை பதிவாகும், உருவம் தெரியாது. தாளில் ஓடும் கோட்டைப் பார்ப்பதாக மாற்றலாமா? அல்லது வேறு கருவியா?” பக்கம், உண்மை, ஒரு வழி. அவ்வளவுதான்.

மலைக்கதைகளில் இன்னும் சில கண்ணிகள். கொடைக்கானல் பக்கம் 2006-லும் 2018-லும் குறிஞ்சி பூத்தது. அந்தக் கணக்கில் 2030, 2042. கதை 2045-ல் நடந்து மலையெல்லாம் நீலம் என்றால் கேளுங்கள். (குறிஞ்சியில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. ஆசிரியர் அதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.) கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ‘எஞ்சின் முன்னால் இழுத்தது’ என்ற வாக்கியம் அடிக்கடி வரும். ஒளியாண்டு என்பது தூரம், காலம் இல்லை; ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ‘பல ஒளியாண்டுகள் காத்திருந்தான்’ என்பது உவமையாகக்கூட உதவாது. செவ்வாய்க்குச் செய்தி போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். கேள்வி கேட்ட மறுநொடி பதில் வந்தால், வேறு வகைத் தொடர்பு என்று கதை சொல்லியிருக்க வேண்டும். பில்லியனைக் கோடியாக்கும்போது 100 கோடி என்பதை மறக்காதீர்கள்.

படுகு வசனம்: அது தமிழின் வட்டார வழக்கு இல்லை, தனி மொழி. ‘ஹட்டி’யை (படுகர் ஊர்) ‘அட்டி’ ஆக்குவது, சந்தி போடுவது எல்லாம் வேண்டாம். படுகு பேசும் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர் சொல்வதை ஆசிரியருக்கு அனுப்புங்கள். கோத்தகிரியில் ஆளுக்கா பஞ்சம்? ‘சோலை’யையும் (மலைக்காடு) ‘மந்து’வையும் (தோடர் குடியிருப்பு) சமவெளிக்காரர் யாராவது ‘தோப்பு’, ‘குடிசை’ என்று மாற்றியிருந்தால் பழையபடி ஆக்குங்கள்.

இனி கோப்பு. 13 பேர் என்றால் நாலைந்து பழைய எழுத்துருவாவது வரும். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். மாற்றியதும் வரும் பெரிய தொல்லை ‘கௌ’. சிலர் கெ எழுத்தை அடித்து ள சேர்த்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் சிக்காது. உடனே ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ஒ, ள இரண்டையும் ஔ ஆக்கச் சொன்னால் ‘ஒளி’ எல்லாம் ‘ஔி’ ஆகும், வெ, ள சேர்ந்த இடத்தில் ‘விண்வெளி’ ‘விண்வௌி’ ஆகும். அறிபுனைத் தொகுப்பில் இந்த இரண்டு சொல்லும் இல்லாத பக்கம் ஏது! கெளுத்தி மீனும் தப்பாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’ உட்கார்ந்திருப்பதையும் ஒருமுறை தேடுங்கள்.

நாள் கணக்கு: 60,000 சொல் என்றால் பக்கத்துக்கு 250 வீதம் 240 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரமாக 15 ஃபாரம். மணிக்கு ஆறு பக்கத்துக்கு மேல் கவனமாகப் போக முடியாது, 40 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் திருத்த வாசிப்புக்கே பத்து நாள். முன்னால் வெறும் வாசிப்புக்கு ஐந்து நாள், ஆசிரியர்களின் பதிலுக்கு ஒரு வாரம், பக்கம் கட்டிய பிறகு மெய்ப்புக்கு மிச்சம். பக்கம் கட்டியதும் உள்ளடக்கத்தில் உள்ள தலைப்பையும் பெயரையும் கதை முகப்போடு ஒப்பிட மறக்காதீர்கள்.

கேள்விகளை எல்லாம் சேர்த்துக் கடைசியில் அனுப்ப வேண்டாம். முத்தொரைக் கதைக்கானதை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அவர் ஒரு முழுக்காட்சியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.