பிரெயின் ஹெமரேஜ்னா அதுவும் ஸ்ட்ரோக் தானா? எங்க அப்பாவுக்கு ஏன் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடல?

அதுவும் ஸ்ட்ரோக் தாங்க. ரத்தம் கட்டியாகி குழாய் அடைச்சுக்கிட்டா ஒரு வகை, குழாய் வெடிச்சு ரத்தம் மூளைக்குள்ள கசிஞ்சா இன்னொரு வகை. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்னு சொல்வாங்களே அந்த ஊசி, அது அடைப்புக்கு மட்டும் தான். கசியற இடத்துல அதைப் போட்டா கசிவு இன்னும் கூடும், உயிருக்கே ஆபத்து. அதனால டாக்டர் மேல கோவப்படாதீங்க. நான் டாக்டர் இல்ல, வீட்டுல பட்டதைத் தான் சொல்றேன், கமெண்ட்ல "நீ எம்பிபிஎஸ்ஸா"ன்னு வரவங்க இப்பவே கிளம்பலாம்.

எங்க சித்தப்பா அரிசி மண்டி வச்சிருக்கார். பிபி மாத்திரையை "தலைசுத்தலே இல்ல, எதுக்கு"ன்னு நிறுத்திட்டார். காலைல காபி டம்ளரை எடுக்கப் போனவருக்கு வலது கை வரல, காபி வேட்டியில கொட்டுது, வாய் ஒரு பக்கம் இழுக்குது, பேச வாயெடுத்தா குழறுது. அக்கம்பக்கத்துல இருந்து ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுக்கச் சொல்றார், இன்னொருத்தர் ஓடிப்போய் ஆஸ்பிரின் வாங்கிட்டு வந்து வாயில போடப் பார்க்கறார். சித்தி பத்தாவது ஃபெயில், ஆனா "ஸ்கேன் எடுக்காம ஒரு சொட்டுத் தண்ணி கூட உள்ள போகக் கூடாது"ன்னு குறுக்க நின்னுட்டாங்க. அன்னைக்கு அவங்க தான் எங்க டாக்டர். வெளியில இருந்து பார்த்தா அடைப்பா கசிவான்னு யாராலயும் சொல்ல முடியாது, சிடி ஸ்கேன் எடுத்தா தான் தெரியும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணி குடுத்தா அது நுரையீரலுக்குப் போயிடும், அது தனி வம்பு.

சிடி படத்தை டாக்டர் காமிச்சார், இடது பக்கம் உள்ளாற வெள்ளையா ஒரு திட்டு. புது ரத்தம் வெள்ளையா தெரியுமாம், அடைப்பா இருந்தா ஆரம்பத்துல படத்துல ஒண்ணுமே தெரியாமக் கூட இருக்கலாமாம். பிபி ஏறி ஏறி உள்ள இருக்கற பொடிக் குழாய்ங்க நைஞ்சு போய் வெடிக்கறது தான் இதுல அதிகம்னார். முதல் சில மணி நேரத்துல கசிவு பெருசாகலாம்னு உடனே பிபியை இறக்க மருந்து ஏத்தினாங்க. ஆபரேஷன் எல்லாருக்கும் தேவைப்படாது, இவருக்குத் தேவைப்படல. 1945ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போனதும் இதுல தான், அன்னைக்கு அவர் பிபி 300. அப்ப உருப்படியான பிபி மாத்திரையே கிடையாது. நம்மாளுக்கு டிராயர்ல அட்டை அட்டையா கிடந்துச்சு.

இதைச் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. பாதாள சாக்கடைக்குன்னு எங்க தெருவைத் தோண்டி மாசக்கணக்கா மூடாம போட்டிருந்தாங்க, 108 முக்குக்கு மேல வர முடியல. சித்தப்பாவைப் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் சேத்துல தூக்கிட்டுப் போனோம். தேர்தல்னா மட்டும் அந்தச் சந்துக்குள்ள ஜீப் எப்படி வருதோ!

உங்க அப்பா விஷயத்துக்கு வரேன். ஹார்ட்டுக்குன்னு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாரான்னு பாருங்க, சாப்பிட்டா அட்டையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காமிங்க. அந்த மாத்திரைகள்ல சிலதோட வேகத்தை முறிக்க தனி மருந்து இருக்கு, ஆனா எந்த மாத்திரைன்னு தெரிஞ்சா தான் குடுக்க முடியும்.