தம்பி சிறையில், வக்கீலுக்குப் பணமில்லை: அரசு தரும் வக்கீலை நம்பலாமா?

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடியில் கொலை முயற்சி வழக்கில் சேர்த்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக மதுரை மத்தியச் சிறையில் இருக்கிறார். ஜாமீன் மனு போட மட்டும் 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்களாம். "இலவச வக்கீல் கேட்கலாம் என்றால், அப்பா பெயரில் ஓட்டு வீடும் அரை ஏக்கர் மானாவாரி நிலமும் இருப்பதால் கிடைக்காது, கவுன்சிலர் லெட்டர் வேண்டும் என்கிறார்கள். வழக்குப் போட்டதே அரசு. அதே அரசிடம் சம்பளம் வாங்குகிற வக்கீல் என் தம்பிக்காகப் பேசுவாரா? பேசாமல் நகையை அடகு வைத்துத் தனி வக்கீலைப் பார்த்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் தம்பிக்கு வக்கீல் வைத்துக்கொடுக்கும் பொறுப்பு சட்டப்படி அரசுடையது. வீடு, நிலம் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில், யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்ற பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், அப்புறம் காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. உங்கள் தம்பி சிறையில் இருக்கிறார், அந்த ஒரு தகுதியே போதும். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தையோ பட்டாவையோ யாரும் கேட்கக் கூடாது. கவுன்சிலர் கடிதமும் தேவையில்லை.

நாளை தம்பி ஜாமீனில் வந்துவிட்டால் "காவலில் இருப்பவர்" என்ற தகுதி போய்விடும், அப்போது வருமானம் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அந்த வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். வருமானம் இவ்வளவுதான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலே போதுமானதாக ஏற்றுக்கொள்ளலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. தாசில்தார் ஆபீசில் வருமானச் சான்றிதழ் வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாராவது அலையவிட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். பணம் யார் கொடுக்கிறார்கள்?

இலவச சட்ட உதவியை நடத்தும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. மாநில அரசும் தன் பங்கைத் தருகிறது. அந்தப் பணம் மாநில ஆணைக்குழு வழியாக ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிற சட்ட உதவி நிதிக்கு வருகிறது. வக்கீல் கட்டணம், மனுச் செலவு, நகல் எடுக்கும் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் இதிலிருந்துதான். மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. செயலாளரும் ஒரு நீதிபதியே. அரசின் பணம் என்றாலும் அதை எந்த வக்கீலுக்கு, எந்த வழக்குக்கு என்று முடிவு செய்வது நீதித்துறை. உங்கள் தம்பியைக் கைது செய்த காவல் நிலையத்துக்கு அதில் வேலையே இல்லை.

நிதி இல்லை என்று கைவிரிக்கவும் அரசுக்கு வழியில்லை. பீகாரில் பாகல்பூர் சிறைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஏழைக் கைதிக்கு வக்கீல் தராமல் இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980 டிசம்பரில் சொன்னது. ரிமாண்டுக்குக் கொண்டுவரும் முதல் நாளே, "உனக்கு வக்கீல் இருக்கிறாரா, இல்லையென்றால் அரசு செலவில் தருகிறோம்" என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். 1986-ல் சுக் தாஸ் என்பவரின் வழக்கு வந்தது. அருணாச்சலப் பிரதேசத்தில் ஒரு பொறியாளரை மிரட்டியதாக அவர்மேல் வழக்கு. வக்கீல் இல்லாமலேயே விசாரணை நடந்து தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். அவர் வக்கீல் கேட்கவில்லையே என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், உங்களைப் போன்றவர்கள் சட்ட உதவி அலுவலகத்துக்கு ஏதோ தர்மம் கேட்கப் போவதுபோல் தயங்கித் தயங்கிப் போகிறார்கள். அந்தத் தயக்கத்தில் வீணாகும் ஒவ்வொரு நாளும் தம்பி உள்ளே கழிக்கும் நாள்.

வக்கீல் எப்படிப்பட்டவராக இருப்பார்? முன்பெல்லாம் சொந்தத் தொழில் செய்யும் வக்கீல்களின் பட்டியல் ஒன்று இருக்கும், அதிலிருந்து ஒருவரை நியமிப்பார்கள். வழக்குக்கு இவ்வளவு என்று சிறு தொகைதான் கிடைக்கும் என்பதால் அக்கறை ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் ஊரில் சொல்லும் கெட்ட பெயர் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது. அதில் உண்மையும் உண்டு. 2022-ல் வந்த திட்டத்தில், குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதற்கென்றே முழுநேர சட்ட உதவி வக்கீல்களை மாவட்டங்களில் அமர்த்துகிறார்கள். மாதச் சம்பளம். சொந்தமாக வேறு வழக்கு எடுக்கக் கூடாது. அந்த அலுவலகத்தின் தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு குற்றவியல் அனுபவமும், செஷன்ஸ் கோர்ட்டில் 30 வழக்கு விசாரணையாவது நடத்திய பழக்கமும் வேண்டும். துணைத் தலைமை வக்கீலுக்கு 7 ஆண்டு. உதவி வக்கீல்கள் 3 ஆண்டுக்குள் அனுபவம் உள்ள இளைஞர்கள்.

இங்கேதான் நீங்கள் விவரமாக இருக்க வேண்டும். கொலை முயற்சி என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 109-வது பிரிவு. யாருக்காவது காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆகவே ஜாமீன் மனுவை மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் போடுவதுதான் வழி, விசாரணையும் அங்கேதான். இவ்வளவு கனமான வழக்கை இளம் உதவி வக்கீல் தனியாகக் கையாள வேண்டாம் என்று நீங்கள் கேட்கலாம். ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் 10 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் உள்ளவரைத்தான் சட்ட உதவியாக நியமிக்க வேண்டும் என்று 2019-ல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "இது 109, தலைமை வக்கீலோ 10 ஆண்டு அனுபவம் உள்ள வேறு வக்கீலோ பார்க்க வேண்டும்" என்று மனுவிலேயே ஒரு வரி எழுதுங்கள். செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைக்காவிட்டால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது, அங்கேயும் செலவில்லாமல் மனு போடலாம்.

நாளைக்கே திண்டுக்கல் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய மனு போதும். போக முடியவில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணில் பேசலாம். தம்பியும் உள்ளிருந்தே சிறைக் கண்காணிப்பாளர் மூலம் மனு அனுப்பலாம். அவரைப் பார்க்க மனு போட்டுப் போகும்போது இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். மனுவில் எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், கைதான தேதி, எந்த மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார் என்ற நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். மனுமீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. காவலில் இருப்பவர் விஷயம் என்பதால் அதற்கும் முன்பே நியமிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். அதற்குள் யாராவது முன்பணம் கேட்டு வக்காலத்தில் தம்பியின் கையெழுத்து வாங்க வந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் வக்காலத்து போட்டுவிட்டால், வேறு வக்கீல் வருவதற்கு அவருடைய ஆட்சேபமின்மை வாங்கவே நாள் ஓடிவிடும்.

வக்கீலை நியமித்தபின் அவர் அழைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அவர் கையில் எத்தனையோ கட்டு வழக்குகள் இருக்கும். திருவிழா அன்று தம்பி எங்கே நின்றார், யார் பார்த்தார்கள், செல்போனில் யாராவது வீடியோ எடுத்தார்களா, அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வீடு திரும்பினார், இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஜாமீன் மனுவில் நீதிபதி கேட்கும் கேள்விகள் இவைதான். காயம்பட்டவர் வீடு திரும்பிவிட்டார் என்ற ஒரு தகவலே பல நேரம் மனுவின் திசையை மாற்றிவிடும்.

வக்கீலோ குமாஸ்தாவோ உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், வக்கீலை மாற்றித் தருவார்கள். வழக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்றாலும் மாற்றக் கேட்கலாம்.

இன்னொரு கணக்கை நீங்களே வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் ரிமாண்ட் தேதியை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்கில் 90 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், 91-வது நாள் ஜாமீன் தம்பிக்கு உரிமையாகிவிடும். பிரிவைக் குறைத்துச் சாதாரணக் காய வழக்காக்கினால் அது 60 நாள். ஆனால் மனு போட்டால்தான் கிடைக்கும். நீங்கள் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். எனவே அன்று காலை கோர்ட் திறக்கும்போதே மனு தயாராக இருக்க வேண்டும் என்று வக்கீலிடம் இரண்டு நாள் முன்பே நினைவுபடுத்துங்கள்.

ஜாமீன் உத்தரவு வந்தபின் ஏழைகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஜாமீன்தாரர். இரண்டு பேர், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று கேட்பார்கள். அப்பாவின் ஓட்டு வீட்டு வரி ரசீது இங்கேதான் உதவும், அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். உத்தரவு வந்து 7 நாளாகியும் தம்பி வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம். இவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள். கட்ட வேண்டிய தொகைதான் தடை என்றால், அதே ஆண்டு தொடங்கிய ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஒரு வரம்பு வரை அரசே கட்டுகிறது. அதற்கும் அதே மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம்.